கிராஷினா வாங்கிய திட்டு

ஸ்கெல்யாவிக், ஐஸ்லாந்து,
பிப்ரவரி 16

என் அருமை தீசா,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை பாலிந்தும் உன் பதினொரு குதிரைகளும் அங்கே சுகமா என்று விவரமாக எழுது. குதிரைகளுக்கு நான்கு பக்கமும் உனக்கு ஒரு வரியும் ஒதுக்குகிற பழக்கத்தை இந்தத் தடவையாவது விடு, குதிரையைப் பெற்றது நான் இல்லை. போன மாதம் இருபத்தைந்தாம் தேதி மலைக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தது, இரண்டு மாதம் கழித்து முகம் காட்டியதற்காக ஊரே வழக்கம்போல் பான்கேக் சுட்டுக் காபி குடித்தது, அப்பா பதினான்கு தின்றுவிட்டு ஒன்பது என்று சாதிக்கிறார். அவர் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் படகுத்துறை வரை காரில் போய் அங்கே நின்று பேசிவிட்டு வந்து நடந்தேன் என்கிறார். கணவாய்ச் சாலை பனியில் மூன்று நாள் மூடிக் கிடந்து நேற்றுத்தான் திறந்தது, அதனால்தான் இந்தப் பார்சல் தாமதம். உள்ளே இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, ஒரு கிலோ உலர்ந்த மீன், அப்பா வைத்த ஏதோ ஒரு படகுப் பத்திரிகை.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஹங்கேரிய மொழி வகுப்பை நிறுத்திவிட்டேன், முப்பத்தெட்டு வயதில் இலக்கணம் எல்லாம் மண்டையில் ஏறாது, வீட்டில் ஆங்கிலம், லாயத்தில் கையசைவு, மாமியாரிடம் சிரிப்பு, இப்படியே ஓட்டிவிடலாம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்றைக்கே உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். அப்பா எதிரில் வந்து நின்றுகொண்டு, “அவளத் திட்டறதுக்கு நீ எத்தன மொழி கத்துக்கிட்டே, சொல்லு பாப்போம்” என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த டேனிஷும், டெலிவிஷன் பார்த்து வந்த ஆங்கிலமும்தான் என்னிடம் உண்டு, இரண்டுக்கும் நான் ஒரு துளி வியர்வை சிந்தியதில்லை. அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நல்லவேளை மூடினேன். அதற்குள் ஊரே கூடிச் சாப்பிட்டு, மேடை போட்டு ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணுகிற நம் தோரி விருந்து வந்து போய்விட்டது, அதில் நடந்ததைப் பார்த்த பிறகு உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது என்று தெரிந்துகொண்டேன். ஆகவே திட்டுவதற்குப் பதில் கிராஷினாவைப் பற்றி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கிராஷினாவை நீ பார்த்திருப்பாய், பெயர் தெரிந்திருக்காது, அதுதானே விஷயமே. மீன் ஆலையில் முள் எடுக்கும் வரிசையில் நிற்கிற போலிஷ்காரி, உயரமானவள், குட்டை முடி, ஐம்பத்து மூன்று வயது. அவளும் அவள் புருஷன் லேஷெக்கும் இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதில் முதல் பத்து வருடம் அவள் நம் மொழியில் பேசியதே இல்லை, பேசத் தேவையும் இருக்கவில்லை. வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் போலிஷ்காரர்கள், இயந்திரச் சத்தத்துக்குக் காதை அடைக்கிற மூடி, மேற்பார்வையாளன் ஆங்கிலம். நீச்சல்குளத்துக்கு வந்தால் கவுண்டரில் நான், நானும் ஆங்கிலம். நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் காலையில் அவள் என் கவுண்டருக்கு முன் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “குட் மார்னிங் ஸ்டெய்னுன், நான் ஒரு துண்டு வேணும், நேத்து என் துண்டு வீட்டுல மறந்தான்” என்று நம் மொழியில் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முகமெல்லாம் பல்லாக, “யெஸ் யெஸ், ஆஃப் கோர்ஸ்!” என்று ஆங்கிலத்தில் சொல்லித் துண்டைக் கொடுத்தேன். அவளுக்குச் சிரமம் வேண்டாமே என்ற நல்லெண்ணம். அவள் முகம் மூடிக்கொண்டதை நான் பார்க்கவே இல்லை, அடுத்த ஆளுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். வேலைக்குப் போகும் முன் வெந்நீர்த் தொட்டியில் ஊர்ப்பெரிசுகள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து உலகத்தைச் சரி செய்வார்களே, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாராவது பேசினால் அவர்கள் உதட்டையே பார்ப்பாள். அவள் வாயைத் திறந்தால் போதும், தொட்டியே ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அதிலும் எய்விந்துர், அதுதான் நம் பழைய கேப்டன், எழுபத்தெட்டு வயது, ஊரில் யாரிடமும் மரியாதையாகப் பேசி அறியாத மனுஷன், இவளிடம் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆங்கிலத்தில் குசலம் விசாரிப்பார். கிராஷினா பிறகு என்னிடம் சொன்னாள்: “ஒவ்வொரு தடவையும் நீங்க ஆங்கிலத்துக்கு மாறும்போது, கதவத் தொறந்து வெளிய விடற மாதிரி இருக்கும். ரொம்ப மரியாதையாத்தான் தொறக்கறீங்க. ஆனா வெளியத்தான் விடறீங்க.” இதை அவள் இவ்வளவு சுத்தமாகச் சொல்லவில்லை தீசா. இனிமேல் அவள் சொன்னதை எல்லாம் நான் திருத்தித்தான் எழுதப் போகிறேன். தப்போடு எழுதினால் நீ தப்பைத்தான் பார்ப்பாய், அவளைப் பார்க்க மாட்டாய். எனக்கு நான்கு வருடம் அப்படித்தான் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மொழி வகுப்பு எடுக்கிறாளே உன்னுர், அவளிடம் ஒருநாள் கேட்டேன், கிராஷினாவின் பக்கத்து வீட்டுப் போலிஷ்க் குழந்தை யூலா மூன்று வயதில் நம்மை மாதிரியே பேசுகிறது, கெட்டிக்காரியான இவளுக்கு மட்டும் ஏன் ஆண் பெண், ஒருமை பன்மைக்கு ஏற்ப மாறுகிற வார்த்தையின் வால் ஒட்ட மாட்டேன் என்கிறது என்று. உன்னுர் சிரித்தாள். “கெட்டிக்காரியா இருக்கறதுதான் கஷ்டம். கொழந்தைக்குக் கை சின்னது, ஒரு வாக்கியத்த முழுசா அள்ள முடியாது, துண்டு துண்டாப் பொறுக்கும், அப்போ வாலும் சேந்து வந்துடும். பெரியவங்க அர்த்தத்த மொத்தமா அள்ளிக்கிட்டு ஓடறாங்க, வால் கீழ விழுந்துடுது. விழுந்தது அவங்களுக்குத் தெரியறதும் இல்ல, ஏன்னா வால் இல்லாமலே காரியம் நடந்துடுதே! நான் ரொட்டி வாங்கினான்னு சொன்னாலும் ரொட்டி கெடைக்குது. அப்புறம் மூளை எதுக்காகத் திருத்திக்கணும்? காதும் அப்படித்தான், நாப்பது வருஷம் வேற மொழியக் கேட்டுக் கேட்டு, எதக் கேக்கணும் எத விடணும்னு அதுவே முடிவு பண்ணி வெச்சுடும். போதாக்குறைக்கு நாம யாரும் திருத்தறதில்ல. கொழந்த தப்பாச் சொன்னா உடனே சரியாத் திருப்பிச் சொல்றோம். கிராஷினா தப்பாச் சொன்னா பல்லக் காட்டறோம்” என்றாள். பல்லைக் காட்டியவர்களில் நான்தான் தலைமை என்று அவளுக்குத் தெரியாது, அல்லது தெரிந்துதான் சொன்னாளோ என்னவோ.

இதில் இன்னொரு கூத்து, போலிஷிலும் நம்மைப் போலவே வார்த்தைக்கு வார்த்தை வால் உண்டாம், நம்மைவிட அதிகமாம். அப்படியானால் சுலபமாக வர வேண்டுமே என்றேன். கிராஷினா தலையில் அடித்துக்கொண்டாள். “அதான் வினையே! என் தலைக்குள்ள ஒரு போலிஷ்காரி உக்காந்திருக்கா. நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அவ எல்லாத்தையும் சரி பாக்கறா. எங்க மொழியில மீன்ங்கற வார்த்த பொம்பள, உங்க மொழியில ஆம்பள. வேலையெல்லாம் மீன்லதான், ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ அவளோட சண்ட. அதுக்கு மேல உங்க பேரு! உன் புருஷன் பேர கோல்பெய்ன்னு சொல்றீங்க, வால் மாறினா கோல்பெய்னிங்கறீங்க, வந்த புதுசுல ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எங்க ஊருலயும் பேருக்கு வால் உண்டுதான், ஆனா அது எனக்குத் தெரிஞ்ச வால்” என்றாள். அப்பா இதைக் கேட்டதில் இருந்து, வேலை செய்யச் சொன்னால் அது கோல்பெய்னியின் வேலை என்று சொல்லித் தப்பிக்கிறார்.

அவள் படித்த படிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். ஆலையில் அவள் நிற்கிற இடத்துக்கு எதிரே இரும்புத் தூணில் தண்ணீர் படாத உறையில் ஒரு அட்டை. நாளைக்கு ஒரு வார்த்தை, அதன் நான்கு வேற்றுமை வடிவம், ஒருமை பன்மை இரண்டும். ஒரு மீன் வந்தால் ஒரு வடிவம், அடுத்த மீனுக்கு அடுத்த வடிவம். கத்தி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். எல்லார் காதிலும் மூடி இருப்பதால் யாரும் கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில் கத்தியே சொல்வாளாம். எட்டு மணி நேரம் நின்று, கை விறைத்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, அதன் பிறகு பயிற்சிப் புத்தகம். இப்படி நான்கு வருடம். நானாக இருந்தால் நான்கு நாளில் அட்டையைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன் தீசா, இந்த ஊரில் புயலில் போய் மீண்டு வந்தவர்களை எல்லாம் எனக்குத் தெரியும், அவர்களில் பாதிப் பேருக்குக்கூட இவள் நெஞ்சுரம் கிடையாது.

இனி விருந்துக்கு வருகிறேன். போன வருட விருந்தின் முடிவில் இந்த வருட விருந்தை நடத்த வேண்டிய குழுவின் ஆறு பேரை வாசித்தார்கள், அதில் அப்பாவும் நானும் இருந்தோம், ஐந்தாவது பெயர் கிராஷினா. குழுவில் ஒரு வெளிநாட்டுக்காரராவது இருக்கட்டும் என்று யாரோ தாராள மனதோடு போட்டிருக்கிறார்கள். வாசித்த பெயரை மறுக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அக்டோபரில் இருந்து நம் சமையலறையில் கூடினோம், வருடம் முழுக்க ஊரில் யார் யார் என்ன கோணங்கித்தனம் செய்தார்கள் என்று பட்டியல் போட்டோம், அப்பா பனி வண்டியை நீச்சல்குள வேலியில் விட்டது முதல் இடம். வேலையைப் பிரித்தது நான். நாடகம், பாட்டு எல்லாம் மற்றவர்களுக்கு. கிராஷினாவுக்கு மேஜை விரிப்பு, மெழுகுவத்தி, உருளைக்கிழங்கு. மேடையில் ஏறி வார்த்தை தடுமாறி நூற்று நாற்பது பேருக்கு முன் அவமானப்படாமல் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் பெருமை வேறு.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “நான் எப்போ பேசறது?” என்றாள். நான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், “டோண்ட் வொரி கிராஷினா!” என்றேன். மற்றவர்கள் போன பிறகு அப்பாவையும் என்னையும் உட்கார வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள். போலந்தில் அவர்கள் கட்டின வீடு முடிந்துவிட்டதாம், லேஷெக் வசந்தத்தில் திரும்பிப் போய்விடலாம் என்கிறானாம், பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்லச் சொன்னானாம். “எனக்கு இங்க இருக்கணும். வேலை பிடிச்சிருக்கு, கடல் பிடிச்சிருக்கு, உங்களக்கூடப் பிடிச்சிருக்கு. ஆனா பதினாலு வருஷமா நான் இங்க விருந்தாளி. விருந்தாளின்னா ஒருநாள் கெளம்பித்தான ஆகணும்? வருஷா வருஷம் அந்த மண்டபத்துல உக்காந்து பாக்கறேன். டாக்டரக் கிண்டல் பண்றீங்க, பாதிரியக் கிண்டல் பண்றீங்க, மேயர அழ வெக்கறீங்க. எங்க மேஜை பக்கம் மட்டும் திரும்பறதே இல்ல. ஊர்ல மூணுல ஒருத்தர் நாங்க, ஒருத்தராவது ஒரு கோணங்கித்தனம் பண்ணியிருக்க மாட்டோமா? என் மொழியில நான் நக்கல்காரி ஸ்டெய்னுன். பிரசவ வார்டுல நர்சா இருந்தேன், வலியில இருக்கறவளக்கூடச் சிரிக்க வெப்பேன். உங்க மொழியில நான் நாலு வயசுப் பொண்ணு, துண்டு கேப்பேன், நன்றி சொல்லுவேன். ஒரே ஒரு தடவ அந்த மேடையில நின்னு உங்களச் சிரிக்க வெச்சுப் பாக்கணும். சிரிச்சா இருக்கேன். பல்லக் காட்டினீங்கன்னா கெளம்பறேன்.”

எனக்குக் காது சுட்டது. கிண்டலில் பேர் வராத வருடம் எய்விந்துர் மூன்று மாதம் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை, அது நமக்குத் தெரியும், சிரித்தோம். பதினான்கு வருடம் ஒரு கூட்டத்தையே விட்டுவிட்டு அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அது எப்படி நம் யாருக்கும் உறைக்கவில்லை? அப்பாதான் எழுந்து காபி ஊற்றிக்கொண்டே, “சரி, எழுதிக்கிட்டு வா. யாரக் கிண்டல் பண்ணப் போறே?” என்றார். கிராஷினா என்னைக் கைகாட்டினாள். அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாண நாளில்கூட நான் பார்த்ததில்லை.

எழுதிக்கொண்டு வந்தாள். குளத்துக் கவுண்டரில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பனிப்புயலில் இருந்து ஒருவன் வெள்ளை வெளேர் என்று வருகிறான், குளிரில் வாய் குழறுகிறது, உடனே நான் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறேன். அவன் என் புருஷன். அவ்வளவுதான் நாடகம். படித்துவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். “அப்படிச் சொல்லாதே, எங்க தப்போ அங்க கோடு போடு” என்றாள். எட்டு சாயங்காலம் உட்கார்ந்தோம். நான் கோடு போடப் போட அவள் ஏன் ஏன் என்று கேட்பாள், எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. அது அப்படித்தான், வேறு மாதிரி சொன்னால் காதுக்குப் பிடிக்காது, இதற்கு மேல் என்னால் முடியவில்லை. இவ்வளவு வருடம் வாடகை கொடுக்காமல் குடியிருந்த வீட்டில் எத்தனை அறை என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு வருகிறாள், பாதிக் கதவு திறக்க மாட்டேன் என்கிறது, அவள் அடுத்ததைத் தட்டுகிறாள். சில வாலை முப்பது தடவை சரியாகச் சொல்வாள், கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று போய் வருகிறேன் என்று சொல்லும்போது அதே வால் தப்பாக வரும். அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், அது சிரித்ததால் வந்த கண்ணீர் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

விருந்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு மரத்தொட்டியும் மேஜையில், வாட்டிய ஆட்டுத்தலையும் புளித்த சுறாவும் மணக்க மணக்க இருந்தன, சூப்பர்மார்க்கெட் பையனின் புதுக் காதலி தெற்கில் இருந்து வந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். போலிஷ்காரர்கள் பின்னால் இரண்டு மேஜையில். எங்கள் முறை வந்தது. கிராஷினா என் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, என் கண்ணாடியைச் சங்கிலியோடு மாட்டிக்கொண்டு மேடையில் போய் உட்கார்ந்தாள். நான் கையில் தாளோடு திரைக்குப் பின்னால், மறந்தால் எடுத்துக் கொடுக்க. அப்பா தலையில் மாவைக் கொட்டிக்கொண்டு உள்ளே போனார். “ஸ்டெய்னுன், ஒ… ஒரு துண்டு குடு” என்றார். அவள், “வெல்கம் டு ஐஸ்லாண்ட்! வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்றாள். “அடியே, நான்தான்டி, உன் புருஷன்!” “ஓ, வெரி நைஸ்! ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?” என் குரல், என் தலையாட்டல், கண்ணாடிக்கு மேலே பார்க்கிற என் பார்வை, அத்தனையும் அச்சு அசல். எனக்கே உடம்பு கூசியது. ஆனால் மண்டபத்தில் சத்தமே இல்லை. சிரிக்கலாமா கூடாதா என்று நம் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பின் மேஜையில் எல்லாரும் தட்டைப் பார்க்கிறார்கள். முதல் வரிசையில் நான்கைந்து பேர் பல்லைக் காட்டினார்கள், அதே பல், அவள் பயந்த அதே பல்.

அப்புறம் அவள் கவுண்டரை விட்டு எழுந்து ஊரைப் பார்த்துத் தானாகப் பேச வேண்டிய இடம். நம் மொழியில். எட்டு சாயங்காலமும் அதிகமாகப் பழகியது அந்த இடத்தைத்தான். முதல் வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. வார்த்தை இருக்கிறது, வால் வரவில்லை. உதடு அசைகிறது, கை கவுண்டரைப் பிடித்திருக்கிறது, முகம் சுண்ணாம்பாக இருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. தாளில் வரி எங்கே என்று தெரியவில்லை, இந்த ஒரு நிமிடத்தோடு இவள் போலந்துக்குப் போய்விடுவாள் என்பது மட்டும் தெரிந்தது, திரைக்கு வெளியே தலையை நீட்டிப் பதற்றத்தில் கத்தினேன்: “கிராஷினா, ஆர் யூ ஓகே? டேக் யுவர் டைம்!”

ஆமாம் தீசா. ஆங்கிலத்தில். அந்த நாடகத்துக்கு நடுவில், அந்த மேடையில், நானே.

அப்புறம் பின் மேஜையில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது, பெரிய சிரிப்பு, மேஜை ஆடுகிற சிரிப்பு. லேஷெக். பதினான்கு வருடத்தில் அவன் சிரித்து நான் கேட்டதே இல்லை, நாடகத்தில் அவனுக்குப் புரிந்ததே ஆங்கிலம் மட்டும்தான், அதனால் அவனுக்குத்தான் முதலில் புரிந்தது. அவ்வளவுதான், மண்டபம் இடிந்து விழுந்தது. எய்விந்துர் ஆட்டுத்தலையைக் கையில் பிடித்தபடி குலுங்குகிறார், பாதிரி மேஜையைத் தட்டுகிறார், அப்பாவின் தலையில் இருந்து மாவு பறக்கிறது. கிராஷினா என் பக்கம் திரும்பினாள், ஊர் பக்கம் திரும்பினாள், என் கண்ணாடியைக் கழற்றினாள். “பாத்தீங்களா! நான் எதுக்கு நடிக்கணும், அசலே வந்துட்டான்!” என்றாள். வால் தப்பு. யாருக்கு வேண்டும் வால்? அதற்கு மேல் தாளில் இருந்த ஒரு வரிகூட அவள் சொல்லவில்லை. வாயில் வந்ததை எல்லாம் பேசினாள், எய்விந்துரின் தம்பி படகு ஓட்டின லட்சணம், டாக்டர் வீட்டு நாய், ஆலை மேற்பார்வையாளனின் ஆங்கிலம், போலிஷ் மேஜையில் இருந்தவர்களையும் விடவில்லை, லேஷெக் வீட்டுக்குக் கூரை போட்ட கதையைச் சொல்லி அவனையும் நாறடித்தாள். கால் மணி நேரம். ஆண் பெண் ஆகிறது, நேற்று நாளை ஆகிறது, ஒருமை பன்மை ஆகிறது, மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள்கிறது. யாரும் தப்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், நான் திரைக்குப் பின்னால் கண்ணீர் வழிய உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நக்கல்காரியைப் பார்த்துச் சிரித்தார்கள். நாலு வயதுப் பெண் எங்கே போனாளோ தெரியவில்லை.

ஆனாலும் விருந்தில் குடித்துவிட்டுச் சிரிப்பது வேறு, மறுநாள் முகம் கொடுப்பது வேறு, அது அவளுக்கும் தெரியும். திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வந்தாள், நேராகத் தொட்டியில் போய் உட்கார்ந்தாள். நான் தண்ணீரில் குளோரின் பார்க்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். எய்விந்துர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணைத் திறக்காமலே நம் மொழியில் ஆரம்பித்தார்: “ஒன் நாடகம் ரொம்ப நீளம். பாதியிலயே முடிச்சிருக்கணும். என் தம்பி படகு தட்டினது நீ சொன்ன பாறையில இல்ல, அதுக்கு வடக்க. தெரியாம ஏன் பேசறே? படகுங்கற வார்த்தைய மூணு எடத்துலயும் தப்பாச் சொன்னே, எத்தன தடவ சொல்லிக் குடுக்கறது ஒனக்கு? உருளைக்கிழங்கு வேற வேகல.” ஒரு தடவைகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை அந்த மனுஷன். கிராஷினா அவரையே பார்த்தாள். இந்தத் தடவை நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, “உருளைக்கிழங்க வேக வெச்சது ஒன் தங்கச்சி, அவளப் போய்க் கேளு!” என்றாள். இருபது நிமிடம் சண்டை போட்டார்கள். மனுஷன் ஒரு ஆங்கில வார்த்தை பேசவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அவளைத் திருத்தினார், அவள் திருத்திச் சொல்லிவிட்டு மேலும் திட்டினாள். ஆலைக்கு அன்றைக்குத் தாமதமாகத்தான் போனாள். சாயங்காலம் வீட்டில் லேஷெக்கிடம் அவள் சொன்னது இவ்வளவுதானாம்: “இன்னிக்கு என்னத் திட்டிட்டாங்க. நாம இங்கயே இருக்கலாம்.” மூன்றாம் நாள், போலந்தில் கட்டின வீட்டை வாங்க ஆள் பார்க்கச் சொல்லி லேஷெக் தன் அண்ணனுக்குப் போன் செய்தானாம்.

அவளுக்கு இலக்கணம் முழுதாக வரும் என்று நான் சொல்லவில்லை, வராமலும் போகலாம், நாற்பதுக்கு மேல் முழுதாக வந்தவர்கள் ரொம்பக் குறைவு என்று உன்னுரே சொல்கிறாள். வந்தால்தான் பேசுவேன் என்று அவள் உட்கார்ந்திருந்தால் இந்த ஊருக்கு அவள் யார் என்றே தெரியாமல் போயிருக்கும். அதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன், சொல்லிவிட்டேன், வகுப்புக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், சிரிப்பும் சண்டையுமாக நிறைவாக வாழ வேண்டும், உன் வீட்டு அடுப்பும் உன் லாயமும் என்றும் சூடாக இருக்க வேண்டும். கம்பளிக் காலுறையை வெந்நீரில் போடாதே, போன தடவை போட்டுச் சுருங்கியதை அப்பா கட்டை விரலுக்குக்கூட மாட்ட முடியவில்லை. மருமகளின் அம்மா அனுப்பியது என்று உன் மாமியாருக்கும் ஒரு ஜோடி கொடு.

கடைசியாக ஒன்று, இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் போலிருக்கிறது. போன கோடையில் பாலிந்த் இங்கே வந்த முதல் நாள், சாப்பிட்டு முடித்து, நீ சொல்லிக் கொடுக்காமல் தானாகவே படித்துக்கொண்டு வந்து, “ஆட்டுக்கறி ரொம்ப நல்லா இருந்தார், அம்மா” என்று நம் மொழியில் என்னிடம் சொன்னார். நான் “தேங்க் யூ ஸோ மச்!” என்றேன். அதன் பிறகு இருந்த பத்து நாளும் அவர் நம் மொழியில் வாய் திறக்கவில்லை, கூச்ச சுபாவம் என்று நானே ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரிடம் சொல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை முதலில் அவர் கையில் கொடுக்கச் சொன்னேன் என்று. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பேன், தப்பாகச் சொன்னால் திட்டுவேன். இதை நீ அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லக் கூடாது. அவர் அம்மா மொழியில் சொல்.

இப்படிக்கு,
வாயை மூடப் பழகிக்கொண்டிருக்கும் உன் அம்மா
ஸ்டெய்னுன்